ஆர்டர் வந்துவிட்டது, பணம் வந்ததா?

கடிதத்தின் சுருக்கம்

கொங்குப் பகுதியில் அரசு பாலிடெக்னிக் ஒன்றில் மின்னணுவியல் விரிவுரையாளராக இருந்து ஓய்வுபெற்ற 61 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பணிக்கொடையாக வந்த தொகையிலிருந்து 9 லட்சம் ரூபாயை, தொலைத்தொடர்புக் கருவிகள் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் பங்குகளில் போட்டிருக்கிறார். மொத்தம் 6,000 பங்குகள், சராசரி விலை 150 ரூபாய். இப்போது சந்தையில் 92 ரூபாய்க்குப் போகிறது. சென்ற நிதியாண்டில் விற்பனை 290 கோடியிலிருந்து 640 கோடி ரூபாயாக உயர்ந்ததாக அந்த நிறுவனம் கணக்குக் காட்டியிருக்கிறது. கையில் 1,900 கோடி ரூபாய்க்கு ஆர்டர் இருப்பதாகவும் பங்குச்சந்தைக்குத் தெரிவித்திருக்கிறது.

அவருடைய முன்னாள் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி மாதக்கணக்கில் வாக்குவாதம் நடக்கிறது. ஆர்டர் தொகை நிறுவனத்தின் சந்தை மதிப்பைவிட அதிகம், சீனக் கருவிகளுக்கு வழி அடைக்கப்பட்டுவிட்டது, எனவே பங்கு பல மடங்காகும் என்பது ஒரு தரப்பு. பெட்டிகளைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டு அதையே விற்பனை என்று எழுதுகிறார்கள் என்பது மறுதரப்பு. வாசகர் முதல் தரப்பு. அந்தத் தரப்பின் செய்திகளை உறவினர்களுக்கும் தொடர்ந்து அனுப்பி வந்திருக்கிறார். இதற்கிடையே, அலைபேசிக் கோபுரங்களில் கருவி பொருத்தும் ஒப்பந்ததாரரிடம் மேற்பார்வையாளராக இருக்கும் அவருடைய மைத்துனர் இரண்டு விஷயங்களைச் சொல்லியிருக்கிறார். இந்த நிறுவனத்தின் கருவிகள் ஓசூர் பக்கம் ஒரு கிடங்கில் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன என்பது ஒன்று. வாடிக்கையாளரான தொலைத்தொடர்பு நிறுவனம் ஆர்டரின் இரண்டாம் கட்டத்தை ரத்து செய்யப் போகிறது என்பது மற்றொன்று.

வாசகர் கேட்பவை நான்கு. நிறுவனம் சொல்லும் விற்பனை உண்மைதானா? மனைவியின் நகையை அடகு வைத்து 3 லட்சம் ரூபாய்க்கு மேலும் பங்கு வாங்கிச் சராசரி விலையைக் குறைக்கலாமா? அல்லது, மைத்துனர் சொன்ன செய்தி வெளியே வருவதற்குள் எல்லாவற்றையும் விற்றுவிடலாமா? கணக்கு பொய் என்று பின்னால் தெரியவந்தால் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி மூலம் பணம் திரும்பக் கிடைக்குமா? இரண்டாவது கேள்வியும் மூன்றாவது கேள்வியும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை என்பதை அவரே குறிப்பிட்டு, "தூக்கம் வரவில்லை" என்று எழுதியிருக்கிறார். தை மாதம் மகளுக்குத் திருமணம்.

பதில்

அன்புள்ள ஐயா,

நான் பட்டயக் கணக்காளர். நிறுவனத்தின் பெயரை இங்கே தவிர்த்துவிட்டு, நீங்கள் அனுப்பிய எண்களை அடையாளம் தெரியாத அளவுக்குச் சற்று மாற்றியிருக்கிறேன். அந்தப் பங்கை வாங்குங்கள் அல்லது விற்றுவிடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அதைச் சொல்வதற்குச் செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் உங்கள் மொத்தச் சொத்தையும் கடனையும் பார்த்திருக்க வேண்டும். ஆனால் உங்கள் குழுவில் இரு தரப்பும் எந்தக் காகிதத்தைப் பார்க்காமல் வாதாடுகிறார்கள் என்பதை என்னால் காட்ட முடியும்.

ஆர்டர், விற்பனை, வசூல்

உங்கள் கடிதத்தில் "1,900 கோடி விற்பனை உறுதியாகிவிட்டது" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் திருத்திக்கொள்ள வேண்டியது இதைத்தான். ஆர்டர் என்பது வாடிக்கையாளர் வாங்கிக்கொள்வதாகச் சொன்ன சொல். விற்பனை என்பது பொருளின் கட்டுப்பாடு வாடிக்கையாளர் கைக்கு மாறியதாகக் கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்டது. வசூல் என்பது வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த பணம். இந்த மூன்றுக்கும் இடையே இந்தத் தொழிலில் சில மாதங்கள் முதல் சில ஆண்டுகள் வரை இடைவெளி இருக்கும். முதலாவது தணிக்கை செய்யப்படும் லாப நட்டக் கணக்கில் இடம்பெறுவதே இல்லை.

நீங்கள் நகல் அனுப்பிய அறிவிப்பையே எடுத்துக்கொள்வோம். 1,900 கோடியில் சுமார் 700 கோடி ரூபாய்க்கு இருப்பது விருப்பக் கடிதம் மட்டுமே. கொள்முதல் ஆணை இன்னும் வரவில்லை. மீதியில் ஒரு பெரும்பகுதி ஏழு ஆண்டுகளுக்குப் பரவிய பராமரிப்புக் கட்டணம். ஆர்டர் பற்றி அறிவிக்கும்போது ஆர்டர் கொடுத்தவர் யார், முக்கிய நிபந்தனைகள் என்ன, எத்தனை காலத்துக்குள் முடிக்க வேண்டும், நிறுவனத்தின் உரிமையாளர் தரப்புக்கு ஆர்டர் கொடுத்தவரோடு தொடர்பு உண்டா என்பவற்றையெல்லாம் சொல்ல வேண்டும் என்று செபியின் 2023 ஜூலை சுற்றறிக்கை கேட்கிறது. உங்கள் நிறுவனம் "ஒரு முன்னணித் தொலைத்தொடர்பு நிறுவனம்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டிருக்கிறது. அது தவறு என்று உடனே முடிவு கட்ட மாட்டேன், ரகசியக் காப்பு நிபந்தனை இருக்கலாம். ஆனால் அப்படிப்பட்ட ஆர்டருக்கு, பெயர் சொல்லப்பட்ட ஆர்டருக்குக் கொடுக்கும் மதிப்பை நீங்கள் கொடுக்கத் தேவையில்லை.

பெயர் சொல்லப்பட்ட, விற்பனையாகவும் மாறிய ஆர்டரிலும் இந்தத் தொழில் சீராக ஓடுவதில்லை. பெங்களூரின் தேஜஸ் நெட்வொர்க்ஸ் 2023 ஆகஸ்டில் பிஎஸ்என்எல்லின் 4ஜி கட்டமைப்புக்காக டிசிஎஸ்ஸிடமிருந்து 7,492 கோடி ரூபாய் ஆர்டர் பெற்றது. அதன் விற்பனை 2023–24 இல் ஏறத்தாழ 2,471 கோடி, 2024–25 இல் ஏறத்தாழ 8,923 கோடி. அடுத்த காலாண்டில், அதாவது 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை, சுமார் 202 கோடி விற்பனையும் 194 கோடி நட்டமும். இதற்கு யாரும் கணக்கில் விளையாடியிருக்கத் தேவையில்லை. ஒரே வாடிக்கையாளருக்கான ஒரே பெரிய ஆர்டர் முடியும் தறுவாயில் அடுத்தது இன்னும் தொடங்காமல் இருந்தால் இப்படித்தான் ஆகும். ஒரு நல்ல ஆண்டின் விற்பனையை அளவுகோலாக வைத்து அடுத்த மூன்று ஆண்டுகளைக் கோடு போட்டு நீட்டுவது, உங்கள் குழுவின் முதல் தரப்பு செய்வது, இந்தத் துறைக்கு ஒத்துவராத கணக்கு.

உங்கள் எண்களை மேசையில் வைத்துப் பார்த்தால்

மறுதரப்பின் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். விற்பனை 290 கோடியிலிருந்து 640 கோடியானது. கூடுதல் 350 கோடி. வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கி 95 கோடியிலிருந்து 410 கோடியானது. கூடுதல் 315 கோடி. கூடுதலாக விற்றதில் பெரும்பகுதி கைக்கு வரவில்லை என்று அவர்கள் கூச்சலிடுவது இதைப் பார்த்துத்தான்.

ஆனால் இந்த ஒப்பீட்டில் ஒரு பிழை உண்டு. விற்பனைத் தொகையில் ஜிஎஸ்டி சேராது; பாக்கித் தொகையில் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்திருக்கும். 410 கோடி பாக்கி என்பது வரியை நீக்கினால் சுமார் 347 கோடி ரூபாய் விற்பனைக்குரியது. அடுத்து, அந்த ஆண்டின் 640 கோடியில் 380 கோடி ஜனவரி முதல் மார்ச் வரையிலான கடைசிக் காலாண்டில் எழுதப்பட்டிருக்கிறது. வாடிக்கையாளருக்கு 90 நாள் கடன் கொடுத்திருந்தால், அந்தக் காலாண்டின் விற்பனை முழுவதும் மார்ச் 31 அன்று வசூலாகாமல் நிற்பது இயல்பே. வரியோடு சேர்த்தால் அது 448 கோடி. பாக்கியோ 410 கோடிதான். எனவே ஆண்டுக் கணக்கை மட்டும் வைத்து நிறுவனத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர்கள் அவசரப்பட்டார்கள்.

பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் செப்டம்பர் 30 நிலவரப்படி அரையாண்டு ஐந்தொகையையும் (பேலன்ஸ் ஷீட்) பணப்புழக்க அறிக்கையையும் வெளியிட வேண்டும். நீங்கள் அனுப்பிய காகிதக் கட்டில் அது கடைசித் தாளாக இருக்கிறது. நீங்கள் அதைக் கவனித்ததாகக் கடிதத்தில் தெரியவில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை விற்பனை 150 கோடி மட்டுமே. வரியோடு 177 கோடி. அதில் ஒரு ரூபாய்கூட வசூலாகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். செப்டம்பர் 30 அன்று பாக்கி 395 கோடி. 395 இலிருந்து 177 ஐக் கழித்தால் 218. ஆகக் குறைந்தது 218 கோடி ரூபாய் ஆறு மாதத்துக்கு மேலாக வராத பழைய பாக்கி. 90 நாள் கடன் என்ற விளக்கம் இந்த 218 கோடியை விளக்காது.

இதற்கும் நேர்மையான காரணம் இருக்க முடியும். இந்தத் துறையின் ஒப்பந்தங்களில் கருவி வந்து சேர்ந்ததும் ஒரு பகுதி, நிறுவி இயக்கிக் காட்டி வாடிக்கையாளரின் ஏற்புச் சான்று கிடைத்ததும் ஒரு பகுதி, உத்தரவாதக் காலம் முடிந்ததும் மீதி என்று பணம் பிரித்துத் தரப்படுவது வழக்கம். ஏற்புச் சோதனை இழுத்தால் பணமும் இழுக்கும். இதில் எது நடந்திருக்கிறது என்பதை ஆண்டறிக்கையின் மூன்று இடங்களில் தேடலாம். முதலாவது, பாக்கியின் வயதுப் பட்டியல்: ஆறு மாதத்துக்குள், ஓராண்டுக்குள், இரண்டாண்டுக்குள் என்று பிரித்துக் காட்டுவது 2021 முதல் கட்டாயம். இரண்டாவது, தணிக்கையாளர் அறிக்கையில் "முக்கியத் தணிக்கை விவகாரங்கள்" என்ற தலைப்பின் கீழ் விற்பனையை அங்கீகரித்த நேரம் பற்றி அவர் எழுதியிருப்பது. மூன்றாவது இடத்தை யாரும் படிப்பதில்லை, நான் முதலில் படிப்பது அதைத்தான். தணிக்கை அறிக்கையின் இணைப்பாக வரும் காரோ அறிக்கையின் இரண்டாம் பத்தி அது. சரக்கையும் பாக்கியையும் ஈடாகக் காட்டி 5 கோடிக்கு மேல் நடைமுறை மூலதனக் கடன் வரம்பு பெற்ற நிறுவனம், காலாண்டுதோறும் வங்கிக்குக் கொடுத்த பட்டியல் தன் கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று தணிக்கையாளர் அங்கே சொல்லியாக வேண்டும். வங்கிக்கு ஓர் எண், பங்குதாரருக்கு ஓர் எண் என்றிருந்தால் அந்த வரியில் அது தெரிந்துவிடும்.

கிடங்கில் பெட்டிகள் கிடக்கின்றன என்பதால் மட்டும் விற்பனை பொய்யாகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிடங்கு யாருடையது? வாடிக்கையாளருடையது என்றால், ஒப்பந்தப்படி கட்டுப்பாடு ஏற்கனவே கைமாறியிருக்கலாம். நிறுவனத்தின் சொந்தக் கிடங்கிலேயே வைத்துக்கொண்டு விற்பனை எழுதவும் இன்ட் ஏஎஸ் 115 என்ற கணக்கியல் தரநிலை இடம் தருகிறது. ஆனால் நிபந்தனைகள் கடுமையானவை: அப்படி வைத்திருக்கச் சொல்ல வாடிக்கையாளருக்கு உண்மையான காரணம் இருக்க வேண்டும், பொருள் அவருடையது என்று தனியே பிரித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும், உடனே அனுப்பத் தயாராக இருக்க வேண்டும், வேறு வாடிக்கையாளருக்கு அதைத் திருப்பிவிடும் உரிமை நிறுவனத்துக்கு இருக்கக் கூடாது.

இந்த நிபந்தனைகள் ஏன் என்பதற்கு இந்தத் துறையிலேயே பழைய பாடம் இருக்கிறது. ஏடி அண்ட் டியிலிருந்து 1996 இல் பிரிந்த லூசன்ட், அமெரிக்காவில் மிகப் பரவலாக மக்கள் வைத்திருந்த பங்குகளில் ஒன்று. 2000 டிசம்பரில் அந்த நிறுவனம், செப்டம்பரில் முடிந்த காலாண்டின் வருவாயிலிருந்து 67.9 கோடி டாலரைக் கழித்துக்கொள்வதாக அறிவித்தது. அதில் 45.2 கோடி டாலர், விநியோகஸ்தர்களுக்கு அனுப்பி விற்பனை என்று எழுதிய கருவிகளைத் திரும்ப எடுத்துக்கொள்வதால் வந்தது. வாடிக்கையாளர்களுக்குத் தானே கடன் கொடுத்துத் தன் கருவியை வாங்க வைத்ததும் உண்டு. அப்படிக் கடன் பெற்ற வின்ஸ்டார் 2001 ஏப்ரலில் திவாலானது. 2004 இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தோடு 2.5 கோடி டாலர் அபராதத்துக்கு லூசன்ட் உடன்பட்டது. அங்கே கருவிகள் உண்மை, தொழிற்சாலை உண்மை, அனுப்பிய லாரிகளும் உண்மை. வாங்கியவரிடமிருந்து பணம் வரும் என்பது மட்டும் உண்மையாக இல்லை.

"தொழில்நுட்பம் எனக்குத் தெரியும்"

நிறுவனத்தின் ரேடியோ கருவியின் வடிவமைப்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியவரின் மதிப்பீட்டை நான் மறுக்கவில்லை. நல்ல கருவி நல்ல பங்காக ஆகும் என்று நீங்கள் எடுத்துக்கொண்டதைத்தான் மறுக்கிறேன். கனடாவின் தொலைத்தொடர்புக் கருவி நிறுவனமான நார்டெல் 2000 ஆம் ஆண்டில் ஒரு பங்கு 124 கனடா டாலர் வரை போனது. டொராண்டோ சந்தைக் குறியீட்டின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரே நிறுவனம். 2009 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரியது. 2011 இல் அதன் சுமார் 6,000 காப்புரிமைகளை ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட கூட்டணி 450 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. தொழில்நுட்பத்துக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. அந்தப் பணம் கடன் கொடுத்தவர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் போனது, சாதாரணப் பங்குதாரருக்கு எதுவும் வரவில்லை.

சீனக் கருவிகள் பற்றிய வாதமும் பாதிதான் சரி. 2021 ஜூன் 15 முதல், நம்பகமான மூலம் என்று அங்கீகரிக்கப்பட்ட கருவிகளை மட்டுமே நம் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் புதிதாக இணைக்க முடியும். ஆனால் அதனால் காலியான இடம் உள்நாட்டு நிறுவனங்களுக்கு மட்டும் போய்விடவில்லை. 2024 செப்டம்பரில் வோடஃபோன் ஐடியா சுமார் 30,000 கோடி ரூபாய்க்குக் கொடுத்த மூன்றாண்டு ஒப்பந்தம் நோக்கியா, எரிக்சன், சாம்சங் ஆகிய மூன்றுக்கும் போனது. பெரிய வாடிக்கையாளர்கள் என்று எண்ணினால் நாட்டில் மூன்று தனியார், ஒரு பொதுத்துறை, அவ்வளவுதான். நால்வரில் ஒருவர் மனம் மாறினால் விற்பனையில் பாதி போகக்கூடிய தொழிலில், உங்கள் ஓய்வுகாலச் சேமிப்பை ஒரே நிறுவனத்தில் வைத்திருக்கிறீர்கள்.

மைத்துனர் சொன்ன செய்தி

நீங்கள் சாதாரணமாகக் கேட்டுவிட்ட இந்தக் கேள்விதான் உங்களுக்கு மிகப் பெரிய ஆபத்து. கிடங்கில் பெட்டிகளைப் பார்த்தேன் என்பது ஓரிடத்தில் ஒருவர் கண்ணால் கண்டது; அதைத் தனியே எடுத்தால் விலையைப் பாதிக்கும் தகவல் என்று சொல்வது கடினம். ஆர்டரின் இரண்டாம் கட்டம் ரத்தாகப் போகிறது என்பது வேறு. வழக்கமான வணிகத்துக்கு அப்பாற்பட்ட ஆர்டர் கிடைப்பதும் ரத்தாவதும் வெளியிடப்படாத, விலையைப் பாதிக்கும் தகவல் என்று 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த செபி திருத்தம் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. நிறுவனத்தில் வேலை பார்த்தால்தான் உள்தகவல் வணிகச் சட்டம் பொருந்தும் என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள்; அப்படி இல்லை. அத்தகைய தகவலைக் கையில் வைத்திருக்கும் எவரும் அந்தச் சட்டத்தின் கண்ணில் உள்ளாள்தான். கையில் வைத்துக்கொண்டு விற்றால், அந்தத் தகவலால் உந்தப்பட்டே விற்றீர்கள் என்று சட்டம் ஊகித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. ஆண்டறிக்கையைப் படித்துத்தான் முடிவெடுத்தேன் என்று சொன்னாலும், அந்த வாதம் எடுபடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

செபி சட்டத்தின் 15ஜி பிரிவின்படி இதற்கான அபராதம் குறைந்தபட்சம் 10 லட்சம் ரூபாய். அதிகபட்சம் 25 கோடி அல்லது ஈட்டிய லாபத்தின் மூன்று மடங்கு, இரண்டில் எது அதிகமோ அது. இன்றைய விலையில் உங்கள் பங்குகளின் மொத்த மதிப்பே 5.52 லட்சம். தகவல் கொடுத்த மைத்துனரும் சிக்குவார். அவருடைய வேலையும் போகும்.

ஆகவே, விற்பதா வேண்டாமா என்ற முடிவுக்கு முன்னால் பங்குச்சந்தைச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். மைத்துனர் எந்தத் தேதியில், எந்தச் சொற்களில், யாரிடமிருந்து கேட்டதாகச் சொன்னார் என்பதை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ரத்து பற்றிய பேச்சு ஒப்பந்ததாரர் வட்டாரத்தின் வெறும் ஊகம் என்றால் நிலைமை வேறு, கடிதத்தைப் பார்த்தவர் சொன்னது என்றால் வேறு. அதுவரை வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். குழுவில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். தகவலைப் பகிர்வதும் தனிக் குற்றம். முன்பு பரப்பிய "500 ரூபாய்க்குப் போகும்" செய்திகளையும் நிறுத்துங்கள்; பங்கைக் கையில் வைத்துக்கொண்டு ஆதாரமற்ற செய்தியைப் பரப்புவது மோசடி வணிகத் தடுப்பு விதிகளின் கீழ் கேள்விக்குள்ளாகக்கூடியது. நல்லெண்ணத்தில் அனுப்பியதுதான் என்று நம்புகிறேன், ஆனால் உங்கள் பேச்சை நம்பி வாங்கிய உறவினருக்கு அதனால் ஆறுதல் இல்லை.

நகைக்கடன்

இதில் எனக்குத் தயக்கமே இல்லை: வேண்டாம். 92 ரூபாய்க்கு 3 லட்சத்துக்கு வாங்கினால் சுமார் 3,260 பங்குகள் வரும். சராசரி 150 இலிருந்து ஏறத்தாழ 130 ஆகக் குறையும். முதலுக்கு மோசமில்லாமல் வெளியே வர, பங்கு 63 சதவீதம் ஏற வேண்டியிருந்தது 41 சதவீதமாகக் குறைகிறது. காகிதத்தில் இது லாபம் போலத் தெரியும். ஆனால் 9 லட்சமாக இருந்த முதலீடு 12 லட்சமாகிறது, அதில் 3 லட்சம் வட்டிக்கு வாங்கிய பணம். நீங்கள் சொல்லும் 9 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 27,000 ரூபாய், பங்கு ஏறினாலும் இறங்கினாலும் கட்டியாக வேண்டும். நீங்கள் வாங்கிய விலை நிறுவனத்துக்குத் தெரியாது. 218 கோடி பழைய பாக்கி வசூலாகுமா என்பதை உங்கள் சராசரி மாற்றாது.

திருமணச் செலவுக்கு வங்கியில் 8 லட்சம் வைப்புத்தொகை இருக்கிறது, 6 லட்சம் தேவைப்படும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் திருமணத்துக்காக இந்தப் பங்குகளைத் தொட வேண்டிய அவசரம் இல்லை. இது உங்களுக்குக் கிடைத்திருக்கும் நல்ல வசதி. மைத்துனர் விவகாரம் தெளியும்வரை காத்திருக்கும் அவகாசம் அதனால்தான் கிடைக்கிறது. திருமணம் முடிந்தபின் உங்கள் கையில் மீதி 2 லட்சம் ரொக்கமும் ஓய்வூதியமும் இந்தப் பங்குகளும் இருக்கும். அதோடு அடகில் வைத்த நகையும் சேர்ந்தால், ஒரு மருத்துவச் செலவு வந்தால்கூட எதை விற்பது என்று தெரியாமல் நிற்பீர்கள். மேலும் திருமண வீட்டில் உங்கள் மனைவி அணிய வேண்டிய நகை அது; அவரைக் கேட்டீர்களா என்பது கடிதத்தில் இல்லை.

பின்னால் சட்டப்படி விற்கும் நிலை வந்து நட்டம் ஏற்பட்டால், 12 மாதத்துக்குள் வாங்கியவற்றின் நட்டத்தைக் குறுகியகால லாபத்திலும் நீண்டகால லாபத்திலும் கழிக்கலாம். அதற்கு மேல் வைத்திருந்தவற்றின் நட்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டுமே கழிக்கலாம். கழிக்க லாபம் இல்லையென்றால் எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச் செல்லலாம், வருமானவரிப் படிவத்தைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருந்தால்.

செபி பணத்தைத் திருப்பித் தருமா?

பங்குச்சந்தையில் ஓர் அறிவிப்பு வெளியாகிவிட்டால் சந்தையோ செபியோ அதைச் சரிபார்த்துவிட்டது என்று பலரைப் போல நீங்களும் நினைக்கிறீர்கள். அறிவிப்பின் உண்மைக்குப் பொறுப்பு நிறுவனம்தான். சந்தை அதை வெளியிடும் பலகை மட்டுமே. பொய் என்று பின்னால் நிரூபணமானால் செபி அபராதம் விதிக்கும், சந்தையிலிருந்து விலக்கி வைக்கும், முறைகேடாக ஈட்டிய லாபத்தைப் பறிக்கும். நீங்கள் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் கையில் தருவது அதன் வழக்கமான வேலை இல்லை. 2009 இல் வெளியான சத்யம் மோசடியில், அமெரிக்காவில் வாங்கியவர்கள் கூட்டு வழக்கின் மூலம் அந்த நிறுவனத்திடமிருந்து 12.5 கோடி டாலர் பெற்றார்கள். இந்தியப் பங்குதாரர்களுக்கு அத்தகைய வழி அப்போது இருக்கவில்லை. அதன் பிறகு வந்த 2013 நிறுவனச் சட்டத்தின் 245 ஆம் பிரிவு கூட்டு வழக்குக்கு வழி வைத்திருக்கிறது. பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் 100 பங்குதாரர்கள் சேர்ந்தாலோ, 2 சதவீதப் பங்கு வைத்திருப்பவர்கள் சேர்ந்தாலோ, நிறுவனம், இயக்குநர்கள், தணிக்கையாளர் ஆகியோரிடம் இழப்பீடு கேட்டுத் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வழி இருக்கிறது என்பது உண்மை. அது விரைவான வழி என்று சொல்ல மாட்டேன்.

இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நிறுவனச் செயலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். செப்டம்பர் 30 அன்றைய 395 கோடி பாக்கியின் வயதுப் பிரிவு என்ன, அதில் ஏற்புச் சான்று வராததால் நிற்பது எவ்வளவு, அதற்கு வாராக்கடன் ஒதுக்கீடு எவ்வளவு, 1,900 கோடியில் கொள்முதல் ஆணையாகக் கையில் இருப்பது எவ்வளவு என்று கேளுங்கள். எல்லாம் வெளியிடப்பட்ட எண்களிலிருந்து எழும் கேள்விகள். மைத்துனர் சொன்ன எதுவும் அதில் தலைகாட்டக் கூடாது. வெளியிடாத எதையும் உங்களுக்கு மட்டும் சொல்ல அவர்களுக்கும் உரிமை இல்லை என்பதால், பதில் சுருக்கமாகவே வரக்கூடும். அப்படி வந்தால் அதே கேள்விகளை அடுத்த காலாண்டு முடிவுக்குப் பிறகான முதலீட்டாளர் கூட்டத்தில் கேளுங்கள். அங்கே சொல்லப்படும் பதில் ஐந்து வேலை நாட்களுக்குள் எழுத்து வடிவில் எல்லோருக்கும் வெளியாகியாக வேண்டும். பதிலே வராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகாராகப் பதியலாம், நிறுவனம் 21 நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும். முந்தைய நான்கு கூட்டங்களின் எழுத்து வடிவமும் சந்தைத் தளத்தில் கிடைக்கும். அவற்றை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு, "அடுத்த காலாண்டில் வசூலாகிவிடும்" என்று நிர்வாகம் எத்தனை முறை சொல்லியிருக்கிறது என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள்.